கோட்டோரத்தான்

பஸ் டிப்போ அணிக்கும் மீன்மார்க்கெட் அணிக்கும் கால்பந்தாட்டம் என்றால் அந்த ஊரில் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மைதானம் என்று பேர்தான். செங்கல் சூளைக்குப் பின்னால் கிடக்கும் பொட்டல் அது. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. அந்தச் சேற்றிலும் புழுதியிலும், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், முழங்காலில் சாக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டி போட்டிருக்கும் பெண்ணைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. மாவட்டப் பத்திரிகையின் படக்காரம்மா.

அவளுடைய வீட்டுக்காரர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய, ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார். குறிப்பு எடுக்க மாட்டார். மறுநாள் காலையில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், அவள் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் ‘கோட்டோரத்தான்’ என்ற பெயரில் அவர் எழுதியது வரும். ஊரார் அவரைக் கூப்பிடுவதே கோட்டோரம் என்றுதான். ரேஷன் கடை வரிசையில்கூட, “கோட்டோரம் அண்ணே, முன்னாடி வாங்க” என்பார்கள்.

வாரநாட்களில் அவளுக்கு வேறு பிழைப்பு. உடைந்த குடிநீர்க் குழாய், புது மேம்பாலத்தின் கீழே தேங்கிய தண்ணீர், பணி ஓய்வு பெறும் தபால்காரர், முதியோர் இல்லத்தில் யாரோ போட்ட மதியச் சாப்பாடு, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு என்று ஸ்கூட்டரில் அலைவாள். குரூப் போட்டோ என்றால் ஒரு தலைகூட மறைந்துவிடக் கூடாது. அது செய்தி ஆசிரியரின் கட்டளை; தெரிகிற தலை ஒவ்வொன்றும் ஒரு பத்திரிகை வாங்கும். படம் எடுத்து முடித்ததும் பேர்களைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அவள் எழுதியதெல்லாம் ‘இடமிருந்து வலமாக’ என்று தொடங்குகிற அந்தப் பேர்வரிசைதான். எழுத்து வீட்டுக்காரர் பாடு, படம் தன் பாடு என்று இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதியதை அவர் அவளுக்குப் படித்துக் காட்டாமல் அனுப்ப மாட்டார்.

“என்னங்க இது, கோல் அடிச்சவனைப் பத்தி ஒரு வரிகூட இல்ல?”

“அவன் மூஞ்சிதான் உன் படத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குமே. நானும் எதுக்கு?”

“அதுக்குன்னு முழுசும் கோலை விட்டவனைப் பத்தியா எழுதுவாங்க?”

“அவன் வீட்லயும் பத்திரிகை வாங்கறாங்கடி. நாளைக்குக் காலையில அவன் அம்மா படிப்பா.”

சாது மனுஷர்தான். ஆனால் ஒரு தடவை செய்தி ஆசிரியர் அவருடைய பத்தியின் கடைசியில் தானாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட, ஆபீஸுக்குப் போய் அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டு வந்தார். “என் பேரைப் போட்டு நான் எழுதாத ஒரு எழுத்து வரக் கூடாது சார். வேலையை விட்டுத் தூக்குங்க, சந்தோஷமாப் போறேன். இதைச் செய்யாதீங்க.” அன்று அவள்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். பாதி முகத்தில் நுரை. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வலது கையும் காலும் போயிருக்கிறது, நடை ஓரளவு வந்துவிடும் என்றார். “பேச்சுதான் சொல்ல முடியலைம்மா. நாம பேசறது எல்லாம் அவருக்குப் புரியும். சொல்லணும்னு நினைக்கிறது வாய்க்கு வராது. எழுதறதும் அப்படித்தான்.”

“எத்தனை நாளைக்கு சார்?”

டாக்டர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, “பார்க்கலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அதான். தண்ணீர் வேண்டுமென்றால் ‘அதான்’. ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கு ‘அதான்’. கோபம் வந்தால் ‘அதான், அதான், அதான்’ என்று கட்டில் சட்டத்தை இடது கையால் அடிப்பார். அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று அவள் உன்னிப்பாகக் கேட்டுப் பழகிக்கொண்டாள். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும். வெந்நீர் கேட்டவருக்குப் போர்வை வரும். அப்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

உதவிக்கு அவருடைய தங்கை வந்து சேர்ந்தாள். நல்லவள். ஆனால் அண்ணனுக்குக் காதும் போய்விட்டது என்று அவளுக்கு எப்படியோ தோன்றிவிட்டது.

“அண்ணே! கஞ்சி! கஞ்சி வேணுமா?”

“மெதுவாப் பேசு, அவருக்குக் காது கேக்கும்.”

“கேக்கும் அண்ணி, யாரு இல்லேன்னா? இருந்தாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சத்தமாச் சொன்னா என்ன குறைஞ்சா போகும்? அண்ணே! உப்புப் போட்டிருக்கு!”

தெருமுனை வரைக்கும் அண்ணனின் சாப்பாட்டு விவரம் தெரிந்திருந்தது.

ஒரு வாரம் பத்தி இல்லாமல் பத்திரிகை வந்தது. மறு வாரம் செய்தி ஆசிரியர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கம் இல்லை.

“தலைமை ஆபீஸ்ல விளையாட்டுப் பக்கத்தையே எடுத்துடலாம்னு பேச்சும்மா. இத்தனை நாளா நான் கோட்டோரத்தானைக் காட்டித்தான் காப்பாத்திக்கிட்டு வந்தேன். அது இல்லேன்னா பக்கம் இல்ல. பக்கம் இல்லேன்னா அவருக்குத் திரும்பி வர இடம் இல்ல.”

“அவர் வந்துடுவார் சார்.”

“வரட்டும்மா. அதுவரைக்கும் என்ன பண்றது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை நூற்பாலை அணி தோற்றது. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து அவள் எழுதினாள். எழுதத் தெரியாது என்று நினைத்திருந்தவளுக்கு, வருஷக் கணக்காகக் காதில் விழுந்த குரல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவர் எங்கே நிறுத்துவார், எங்கே யாரைக் கிண்டல் செய்வார், எதைச் சொல்லாமல் விடுவார், எல்லாம் தெரிந்திருந்தது. முடித்ததும் கீழே ‘கோட்டோரத்தான்’ என்று அவளே போட்டாள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அது மாதிரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆள் ஏறி வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

செய்தி ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், பத்திரிகை வாசலில் வந்து விழுந்ததும், உள்தாளை உருவி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிட்டு மிச்சத்தை அவரிடம் கொடுப்பாள். அவர் இடது கையால் புரட்டுவார். படிக்கிறாரா, பார்க்கிறாரா என்று தெரியாது. முதல் தடவை கடைசிவரை புரட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து புரட்டி, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அதான்?”

“விளையாட்டுப் பக்கமா? நிறுத்திட்டாங்கங்க. கொஞ்ச நாளைக்கு இல்லியாம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பத்திரிகையை மடிக்கப் பார்த்தார்; ஒரு கையால் மடிக்க வரவில்லை.

ஊர் கொண்டாடியது. டீக்கடையில் அவளை நிறுத்தி, “அண்ணனுக்கு உடம்பு போனா என்ன, எழுத்து போகலைம்மா. நீங்க வந்து ஆட்டத்தைச் சொன்னாலே போதுமே அவருக்கு. முன்னைக்கு இப்ப இன்னும் ஒரு படி மேல” என்றார்கள். அவள் தலையைக் குனிந்து டீயை ஊதிக் குடித்தாள். பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

டிப்போ அணியின் பயிற்சியாளருக்கு ‘விசில்’ என்று பேர். ரிட்டயரான கண்டக்டர். கழுத்தில் விசில் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போக மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் ஆட்டக்காரர்கள் சிலரும் பழங்களும் ஒரு கண்ணாடிச் சட்டமுமாக வாசலில் வந்து நின்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். அவள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு போட்டோ எடுத்துடுங்க. நாளைக்குப் பத்திரிகையில போடணும். அண்ணனுக்கு எங்க டீம் சார்புல ஒரு சின்ன மரியாதை.”

“இப்ப எதுக்குங்க? அவருக்கு உடம்பு…”

“ஒரே நிமிஷம் அக்கா.”

சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் விசில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, “அண்ணே! உனக்கு மரியாதை செய்ய வந்திருக்காங்க!” என்று கத்தினாள். அவருக்கு முகம் மலர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஆட்டக்காரர்களைப் பார்க்கிறார். ஒவ்வொருவனையும் இடது கையால் தொட்டுப் பார்த்தார். ஒரு பையனின் முழங்கால் தழும்பைத் தடவி, “அதான்!” என்று சிரித்தார்.

அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். வேறு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசில் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, பஸ்ஸில் ஊர் பேர் சொல்லும் குரலில் படித்தார்.

“மீன்மார்க்கெட் கோல்கீப்பர் வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. அந்த நேரத்தில் அவன் என்ன நினைத்தான் என்று நமக்குத் தெரியாது. கேட்காமல் இருப்பதுதான் நாம் அவனுக்குச் செய்யக்கூடிய உபகாரம்.”

வ்யூஃபைண்டருக்குள் அவருடைய முகம் முழுசாக இருந்தது. அவர் ரசித்தார். தலையை லேசாகச் சாய்த்து, நல்ல எழுத்தைக் கேட்கும்போது எப்படிப் புருவத்தைத் தூக்குவாரோ அப்படித் தூக்கினார். வேறு யாரோ எழுதியது, நன்றாக எழுதியிருக்கிறான் என்கிற முகம்.

விசில் முடித்துவிட்டு, சட்டத்தின் கீழே விரலை வைத்து, “இப்படிக்குக் கோட்டோரத்தான்!” என்றார். பையன்கள் கை தட்டினார்கள்.

அந்த முகத்தில் ஈயாடவில்லை.

“அதான்?” என்றார் அவர். சட்டத்தைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, மறுபடி சட்டத்தைக் காட்டினார். “அதான்?”

“ஆமாண்ணே, அதான்! உங்க எழுத்துதான்!” விசிலுக்குக் கண் கலங்கிவிட்டது. “படுத்த படுக்கையிலயும் எங்களை மறக்கலியே நீங்க.”

அவர் மெதுவாகத் திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தார். அவள் ஷட்டரை அழுத்தவில்லை. ஆனால் கேமராவை முகத்திலிருந்து எடுக்கவும் இல்லை.

அவர்கள் போன பிறகு அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, இங்க பாருங்க. பக்கத்தையே எடுத்துடறேன்னாங்க. நீங்க திரும்பி வரும்போது இடம் இருக்கணுமேன்னுதான். வேற எதுவும் இல்ல. சத்தியமா வேற எதுவும் இல்லங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திட்டுங்க. அடிங்க. அந்த ‘அதான்’னாவது சொல்லுங்க.”

அதையும் சொல்லவில்லை. மத்தியானம் அவள் பிசைந்து கொண்டுவந்த சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் ஊட்டியதும் சாப்பிட்டார்.

சாயங்காலம் அவள் ஆட்டத்துக்குப் போய் வந்தபோது கட்டில் முழுவதும் பத்திரிகைத் தாள்கள். “அண்ணன் பேப்பரைக் காட்டிக் காட்டி இன்னும் வேணும்னு கையசைச்சாரு அண்ணி. தேடினா, டிரம்முக்குப் பின்னால இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன்” என்றாள் நாத்தனார் ஒன்றும் தெரியாமல். அவர் இடது கையில் அவளுடைய தடித்த கறுப்புப் பேனா இருந்தது. மெமரி கார்டு டப்பாவில் தேதி எழுத வைத்திருந்தது. ஒவ்வொரு தாளாக எடுத்து, அந்த ஒரு பேரை மட்டும் கறுப்பாக அடித்துக்கொண்டிருந்தார். கை சொன்னபடி கேட்கவில்லை. பேனா வழுக்கி ஓரத்துக்கு ஓடியது, சில இடத்தில் தாள் கிழிந்தது. ஆனால் அவள் எழுதிய வரிகள்மேல் மை பட்டுவிடாமல் அவர் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் செய்தி ஆசிரியரிடம் போனாள்.

“அந்தப் பேர் இனிமே வேண்டாம் சார்.”

“என்னம்மா ஆச்சு?”

“அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

செய்தி ஆசிரியர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“வேணும்னா என் பேர்ல எழுதட்டுமா சார்?” என்று அவளே கேட்டாள். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.

“நீங்க நல்லாத்தான் எழுதறீங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தலைமை ஆபீஸ்ல அவங்களுக்குத் தெரிஞ்ச பேர் ஒண்ணுதாம்மா. படம் குடுங்க. கீழ ரெண்டு வரி போதும்.”

அடுத்த திங்கட்கிழமை பத்தி இருந்த இடத்தில் மெத்தைக் கடை விளம்பரம் வந்தது. அடியில் பொடி எழுத்தில், ‘கோட்டோரத்தான் பத்தி இனி வெளிவராது’ என்று இருந்தது. ஆபீஸில் நாலு பேருக்குத் தெரிந்த விஷயம் டீக்கடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? எழுதினது அந்தம்மாவாம் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். விசில் மட்டும் மைதானத்தில் கிட்டே வந்தார்.

“சொல்லியிருக்கலாமே அக்கா. நாங்க பிரேம் போட்டு எடுத்துட்டு வந்து, அவர் மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டி… இனிமே அண்ணன் முகத்துல எப்படி முழிப்போம்?”

“உங்க தப்பு இல்லீங்க.”

“அவருக்கு அது தெரியணுமே.”

அதற்குப் பிறகு அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. ஆத்திரத்தினால் இல்லை, வெட்கத்தினால்தான். ஆனால் கட்டிலில் கிடக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதானே. அவர் அவளிடம் கோபம் காட்டுவதை நிறுத்திவிட்டார். சோறு கொடுத்தால் சாப்பிட்டார். கையைப் பிடித்தால் விட்டுவைத்தார். யாருக்கோ சொந்தமான கை மாதிரி அது அவள் கையில் கிடந்தது.

கோப்பை இறுதி ஆட்டம் டிப்போவுக்கும் மீன்மார்க்கெட்டுக்கும் வந்தது. காலையில் அவள் கேட்டாள்: “வர்றீங்களா? ஆட்டோ சொல்றேன். நடுக்கோட்டுக்கிட்டயே நாற்காலி போட்டுடலாம்.” அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழை பெய்து சேறாகியிருந்த மைதானத்தில், லென்ஸுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு அவள் மண்டி போட்டாள். டிப்போ வென்றது. கோப்பை அவர்கள் கைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பெரிய ஆண்பிள்ளைகள் சேற்றில் புரண்டு அழுதார்கள். குரூப் போட்டோ எடுத்து, இடமிருந்து வலமாகப் பேர்களை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பும்போது விசில் தயங்கித் தயங்கி வந்தார்.

“அக்கா, ஊர்வல லாரி உங்க தெரு வழியாத்தான் போகும். முன்னெல்லாம் கோப்பை ஜெயிச்சா உங்க வீட்டு வாசல்ல நிறுத்தி, அண்ணனைத் தூக்கி மேல ஏத்திக்குவோம். இப்ப என்ன செய்யட்டும்?”

அவள் யோசித்தாள். வெற்றிக் கூச்சலோடு லாரி வந்து நிற்பதும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதும் கண்முன் வந்தது.

“வேண்டாங்க. அவரால தாங்க முடியாது. எங்க வீட்டைத் தாண்டற வரைக்கும் சத்தம் போடாமப் போயிடுங்க.”

“சரி அக்கா,” என்றார் விசில். தலையிலிருந்து பாரம் இறங்கியது போல அவர் முகம் தெளிந்தது.

ஸ்கூட்டரைக் கொல்லைப்பக்கம் நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

“வாசல் கேட்டுக்கிட்ட நிக்கறாரு அண்ணி,” நாத்தனார் முதல்தடவையாகச் சின்னக் குரலில் பேசினாள். “மத்தியானத்திலேருந்து தனியாவே சட்டை போட்டுக்கிட்டிருந்தாரு. ஒத்தக் கையால ஒவ்வொரு பொத்தானா. உதவிக்குப் போனா கையைத் தட்டி விடறாரு. தலையும் சீவியிருக்காரு.”

வாசல் கதவைத் திறந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டையில், இரும்புக் கேட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, தெரு முனையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு பொத்தான் மாறிப் போட்டதில் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் லாரியின் ஹாரனும் தகரம் தட்டும் சத்தமும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்ட முடிவை யாரும் போய் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போனை எடுத்து விசிலைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கூச்சலில் யார் எடுப்பார்கள்? மறுபடி கூப்பிட்டாள். தெருவுக்கே ஓடிப்போய் லாரியை மறிக்கலாமா என்று செருப்பைத் தேடினாள். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

தெரு முனையில் திரும்பியதுமே அத்தனை பேரும் ஒரே மூச்சில் வாயை மூடிக்கொண்டார்கள். தகரம் நின்றது. ஹாரன் நின்றது. எஞ்சின் மட்டும் முனக, சாவு வீட்டைக் கடப்பது போல லாரி மெதுவாக வந்தது. மேலே நின்றிருந்த பையன்கள் தரையைப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று விசில் கோப்பையைக் கீழே இறக்கி, காலுக்கு நடுவில் மறைத்துக்கொண்டார்.

அவர் கேட்டை விட்டுவிட்டு இடது கையை உயர்த்தினார்.

நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தைரியமில்லை. பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அவனும் தலையைக் குனிந்துகொண்டான். லாரி வாசலைத் தாண்டி, அடுத்த வளைவில் திரும்பி மறைந்தது. மறைந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து கூச்சல் பழையபடி ஓவென்று எழுந்தது.

கை மேலேயே இருந்தது. அவள் போய் அதை இறக்கிவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு அவரை உள்ளே நடத்தி வந்தாள். நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் குனிந்து, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு கையால் கழற்றுவது போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் எதிரிலேயே நின்றாள். உதவிக்குக் கையை நீட்டவில்லை. போனில் செய்தி ஆசிரியர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், படம் எங்கே என்று.